வரி வசூல் ரூ.22.26 லட்சம் கோடி: வருமான வரித் துறையின் ஆண்டுச் செயல்பாட்டை அளவிடுவது எப்படி?

புது தில்லி: 2025-26 நிதியாண்டில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 10 வரையிலான நிகர நேரடி வரி வசூல் சுமார் 7 சதவீதம் உயர்ந்து ரூ.12.92 லட்சம் கோடியைக் கடந்ததாக அரசு வெளியிட்ட தரவு தெரிவித்தது. அதே காலகட்டத்தில் மொத்த வசூல் ரூ.15.35 லட்சம் கோடி. ஆனால், இதன் வளர்ச்சி 2.15 சதவீதம் மட்டுமே.

மக்களிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் வந்த பணம் 2 சதவீத அளவுக்கே கூடியபோது, அரசின் கையில் நின்ற பணம் மட்டும் 7 சதவீதம் கூடியது எப்படி என்ற கேள்வி எழலாம். விடை அதே தரவின் மூன்றாவது எண்ணில் உள்ளது. வரி செலுத்துவோருக்குத் திருப்பித் தரப்பட்ட தொகை, அதாவது ரீஃபண்ட், முந்தைய ஆண்டின் இதே காலத்தைவிட 18 சதவீதம் குறைந்து ரூ.2.42 லட்சம் கோடியாக இருந்தது. நிகர வசூலில் கூடுதலாகத் தெரிந்த தொகையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, முந்தைய ஆண்டைவிடக் குறைவாகத் திருப்பித் தரப்பட்டதால் அரசிடம் மிஞ்சிய தொகையே ஆகும்.

வரித் துறையின் ஆண்டுச் செயல்பாட்டை ஒரே எண்ணால் மதிப்பிட இயலாது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. எவ்வளவு வசூலானது என்பது ஒரு கணக்கு. வரி செலுத்தியவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது மற்றொரு கணக்கு. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் முழுமையான சித்திரம் கிடைக்கும்.

மொத்த வசூல், நிகர வசூல்: என்ன வேறுபாடு?

வருமான வரி, நிறுவன வரி, பங்குப் பரிவர்த்தனை வரி ஆகியவை நேரடி வரிகளில் முதன்மையானவை. இவற்றை நிர்வகிக்கும் உச்ச அமைப்பு மத்திய நேரடி வரிகள் வாரியம். 1963-ஆம் ஆண்டின் மத்திய வருவாய் வாரியங்கள் சட்டத்தின்படி, 1964 ஜனவரி 1 முதல் இது தனி வாரியமாக இயங்கி வருகிறது. நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையின் கீழ் வரும் இந்த வாரியத்தின் வழிகாட்டுதலில்தான் வருமான வரித் துறை செயல்படுகிறது.

ஓர் ஆண்டில் அரசுக்கு வந்து சேரும் வரித்தொகை முழுவதும் மொத்த வசூல். அதிலிருந்து ரீஃபண்ட் தொகையைக் கழித்தால் கிடைப்பது நிகர வசூல். அரசு செலவிடக் கூடியதும், பட்ஜெட் இலக்குடன் ஒப்பிடப்படுவதும் நிகர வசூலே.

ஊதியத்தில் பிடித்தம் செய்யப்படும் டிடிஎஸ், வங்கி வட்டியில் செய்யப்படும் பிடித்தம், முன்கூட்டிய வரி ஆகியவை ஆண்டு முழுவதும் உத்தேசக் கணக்கின் அடிப்படையில் செலுத்தப்படுபவை. ஆண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் உண்மையான வரி எவ்வளவு என்பது உறுதியாகும். உரியதைவிட அதிகமாகச் செலுத்தப்பட்டிருந்தால், அந்த மிகுதி அரசின் வருவாய் அல்ல, செலுத்தியவரின் பணம். அது சிறிது காலம் கருவூலத்தில் தங்கியிருக்கிறது, அவ்வளவே.

2024-25 நிதியாண்டின் முழு ஆண்டுக் கணக்கு இதற்கு நேர்மாறான நிலையைக் காட்டுகிறது. தற்காலிகத் தரவின்படி அந்த ஆண்டில் மொத்த வசூல் 15.59 சதவீதம் உயர்ந்து ரூ.27.02 லட்சம் கோடியாக இருந்தது. ரீஃபண்ட் 26.04 சதவீதம் உயர்ந்து ரூ.4.77 லட்சம் கோடியை எட்டியது. இதனால் நிகர வசூல் 13.57 சதவீத வளர்ச்சியுடன் ரூ.22.26 லட்சம் கோடியில் நின்றது. அதாவது, ரீஃபண்ட் அதிகமாக வழங்கப்பட்ட ஆண்டில் நிகர வளர்ச்சி மொத்த வளர்ச்சியைவிடக் குறைந்தது. ரீஃபண்ட் குறைந்த மாதங்களில் நிகர வளர்ச்சி மேலெழுந்தது.

இலக்கை எட்டியதா?

ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில் தாக்கலாகும் பட்ஜெட்டில் வரும் ஆண்டுக்கான வசூல் இலக்கு குறிப்பிடப்படுகிறது. அடுத்த பட்ஜெட்டின்போது, அதுவரையிலான போக்கைப் பார்த்து இலக்கு திருத்தப்படுகிறது. முதலாவது பட்ஜெட் மதிப்பீடு, இரண்டாவது திருத்திய மதிப்பீடு.

2023-24 நிதியாண்டில் பட்ஜெட் மதிப்பீடு ரூ.18.23 லட்சம் கோடி. திருத்திய மதிப்பீடு ரூ.19.45 லட்சம் கோடி. தற்காலிக நிகர வசூல் ரூ.19.58 லட்சம் கோடியாக அமைந்து இரண்டையும் தாண்டியது. 2024-25-இல் பட்ஜெட் மதிப்பீடான ரூ.22.07 லட்சம் கோடி எட்டப்பட்டது. ஆனால், திருத்திய மதிப்பீடான ரூ.22.37 லட்சம் கோடிக்குச் சற்றே குறைவாக வசூல் முடிந்தது.

"இலக்கை விஞ்சியது" என்ற அறிவிப்பை வாசிக்கும்போது அது எந்த இலக்கு என்று கேட்பது அவசியம். தொடக்கத்தில் இலக்கு குறைவாக வைக்கப்பட்டிருந்தால் அதை விஞ்சுவது எளிது. பொருளாதாரம் எதிர்பார்ப்பைவிட வேகமாக வளர்ந்திருந்தாலும், பங்குச் சந்தை ஏற்றம் கண்டிருந்தாலும், துறையின் கூடுதல் முயற்சி இல்லாமலேயே வசூல் உயரும். 2019-20-இல் ரூ.10.51 லட்சம் கோடியாக இருந்த நிகர வசூல், கரோனா தாக்கிய 2020-21-இல் ரூ.9.47 லட்சம் கோடியாகச் சரிந்து, மறு ஆண்டே ரூ.14.12 லட்சம் கோடிக்கு உயர்ந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் பொருளாதாரச் சூழலின் பங்கே அதிகம்.

இதனால்தான் வல்லுநர்கள் வேறு இரு அளவுகோல்களையும் கவனிக்கின்றனர். ஒன்று, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நேரடி வரியின் விகிதம். 2000-01-இல் 3.25 சதவீதமாக இருந்த இது, 2023-24-இல் 6.64 சதவீதமாக உயர்ந்தது. மற்றொன்று, வசூலுக்கு ஆகும் செலவு. 2000-01-இல் வசூலான தொகையில் 1.36 சதவீதமாக இருந்த இச்செலவு, 2023-24-இல் 0.44 சதவீதமாகக் குறைந்தது. எளிமையாகச் சொன்னால், 100 ரூபாய் வரி வசூலிக்கத் துறைக்கு ஆன செலவு 44 காசு.

இந்த 44 காசு என்ற கணக்கில் அடங்காத செலவுகளும் உண்டு. ஊழியர்களின் ஊதியத்தில் வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்துபவர் வேலை அளிப்பவர். வட்டியில் பிடித்தம் செய்வது வங்கி. கணக்குத் தயாரிப்பதற்குப் பட்டயக் கணக்காளருக்குக் கட்டணம் தருபவர் வரி செலுத்துபவர். இந்தப் பணிகளுக்கான செலவு துறையின் கணக்கில் வருவதில்லை. துறையில் நிரப்பப்படாத பணியிடங்கள் குறித்து நாடாளுமன்றக் குழுக்கள் கவலை தெரிவித்துள்ள நிலையில், செலவு குறைவதை மட்டுமே திறமையின் அடையாளமாகக் கொள்ளவும் முடியாது.

யார் செலுத்துகிறார்கள்?

நேரடி வரியில் நிறுவனங்களின் பங்கே நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்தது. அந்த நிலை மாறியுள்ளது. 2023-24-இல் நிறுவன வரியின் நிகர வசூல் ரூ.9.11 லட்சம் கோடி. பங்குப் பரிவர்த்தனை வரியையும் உள்ளடக்கிய தனிநபர் வருமான வரி ரூ.10.44 லட்சம் கோடி. 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது இந்த மாற்றத்துக்கான காரணங்களுள் ஒன்று.

கணக்குத் தாக்கல் செய்வோர் அனைவரும் வரி செலுத்துவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 2022-23 நிதியாண்டில் கணக்குத் தாக்கல் செய்த தனிநபர்கள் 7.40 கோடிக்கும் அதிகம். அவர்களில் சுமார் 5.16 கோடி பேர் செலுத்த வேண்டிய வரி ஏதுமில்லை எனக் காட்டியதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஆகவே, கணக்குகளின் எண்ணிக்கை உயர்வை வரி செலுத்துவோர் எண்ணிக்கையின் உயர்வாகக் கருதுவது சரியாகாது. அதே வேளையில், வரி இல்லாதவர்களில் பலர் கணக்குத் தாக்கல் செய்வதே பிடித்தம் செய்யப்பட்ட தொகையைத் திரும்பப் பெறுவதற்காகத்தான். அவர்களைப் பொருத்தவரை வரித் துறை என்பது வரி கேட்கும் அலுவலகம் அல்ல. தங்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய அலுவலகம்.

தானாக வரும் வரி

நேரடி வரியின் பெரும்பகுதி, அதிகாரிகள் சோதனை நடத்தியோ நோட்டீஸ் அனுப்பியோ வருவது அல்ல. டிடிஎஸ் பிடித்தமும், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் தவணைகளாகச் செலுத்தப்படும் முன்கூட்டிய வரியுமே வசூலின் அடித்தளம்.

தாக்கலாகும் கணக்குகளில் மிகச் சிலவே ஆய்வுக்கு எடுக்கப்படுகின்றன. 2012-13-இல் 0.94 சதவீதக் கணக்குகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்ட நிலையில், 2018-19-இல் இது 0.26 சதவீதமாகக் குறைந்ததாகப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்டில் குறிப்பிட்டார். ஆயிரம் கணக்குகளில் 997 அளிக்கப்பட்டபடியே ஏற்கப்படுகின்றன என்பது இதன் பொருள்.

மக்கள் தாமாக முன்வந்து செலுத்துவதைச் சார்ந்தே இந்த அமைப்பு நிற்கிறது என்றால், அவர்களுக்கு அமைப்பின் மீதுள்ள நம்பிக்கையே வருவாயின் வேர். ரீஃபண்ட் உரிய காலத்தில் கிடைக்கும், தவறான கோரிக்கை நோட்டீஸ் வந்தால் விரைவில் திருத்தப்படும், மேல்முறையீடு நியாயமாக விசாரிக்கப்படும் என்ற உறுதி இருந்தால்தான் வருமானத்தை மறைக்காமல் காட்டும் பழக்கம் வளரும். அந்த வகையில் சேவைத் தரமும் வசூலும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

சாசனம் என்ன உறுதியளிக்கிறது?

2020 ஆகஸ்ட் 13 அன்று முகமற்ற மதிப்பீடு, முகமற்ற மேல்முறையீடு ஆகியவற்றுடன் வரி செலுத்துவோர் சாசனமும் அறிவிக்கப்பட்டது. இத்தகைய சாசனத்தை வெளியிடும் அதிகாரம் அதே ஆண்டின் நிதிச் சட்டத்தின் மூலம் மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு வழங்கப்பட்டது.

சாசனத்தில் துறை அளிக்கும் உறுதிமொழிகள் 14. வரி செலுத்துவோரிடம் துறை எதிர்பார்ப்பவை 6. கண்ணியமாகவும் நியாயமாகவும் நடத்துதல், மாறாகக் கருதக் காரணம் இல்லாதவரை ஒவ்வொருவரையும் நேர்மையானவராகவே கருதுதல், சட்டப்படி உரிய தொகையை மட்டுமே வசூலித்தல், உரிய காலத்தில் முடிவெடுத்தல், அந்தரங்கத்தையும் தகவல் ரகசியத்தையும் காத்தல், அதிகாரிகளைத் தங்கள் செயல்களுக்குப் பொறுப்பாக்குதல், புகார் அளிக்க வழி செய்தல், விதிகளுக்கு உட்படுவதற்கான செலவைக் குறைத்தல் ஆகியவை அந்த உறுதிமொழிகளில் அடங்கும்.

இவற்றுள் பொதுக் கவனத்துக்கு அதிகம் வராத ஓர் உறுதிமொழி உண்டு. சேவைத் தர அளவுகளை வகுத்து வெளியிடுவதும், அவை குறித்துக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அறிக்கை அளிப்பதும் துறையின் கடமை என்பதே அது. வசூல் எண்கள் ஆண்டில் பலமுறை வெளியாகின்றன. முன்கூட்டிய வரித் தவணை முடியும்போதெல்லாம் அவை செய்தியாகின்றன. எத்தனை திருத்த மனுக்கள் காலக்கெடுவுக்குள் முடிந்தன, எத்தனை ரீஃபண்டுகள் ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ளன, எத்தனை புகார்கள் மனுதாரர் ஏற்கும் வகையில் தீர்ந்தன என்பன அதே ஒழுங்குடன் மக்கள் பார்வைக்கு வருவதில்லை. பெரும்பாலும் நாடாளுமன்றக் கேள்விகளுக்கான பதில்கள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள், நிலைக்குழு அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்தே அவற்றைத் திரட்ட வேண்டியுள்ளது.

ரீஃபண்ட்: வேகமும் காத்திருப்பும்

சேவையில் ஏற்பட்டுள்ள முன்னேற்றத்தை மறுக்க முடியாது. பெங்களூரில் 2009-இல் மையப்படுத்தப்பட்ட செயலாக்க மையம் தொடங்கப்பட்ட பிறகு கணக்குகளைப் பரிசீலிக்கும் முறை அடியோடு மாறியது. காசோலை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பும் நடைமுறை போய், வங்கிக் கணக்கில் நேரடியாக ரீஃபண்ட் வரவு வைக்கப்படுகிறது.

2013-14-இல் ஒரு கணக்கைப் பரிசீலிக்கச் சராசரியாக 93 நாள்கள் ஆயின; 2023-24-இல் அது 10 நாள்களாகக் குறைந்ததாக மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 இடைக்கால பட்ஜெட் உரையில் தெரிவித்தார். இது, கணக்கு சரிபார்க்கப்பட்ட பிறகு பரிசீலனை முடியும் வரையிலான காலம். ரீஃபண்ட் வழங்குவதற்கான சராசரிக் காலம் 93 நாள்களிலிருந்து 2024-இல் 17 நாள்களாகக் குறைந்ததாகப் பின்னர் வெளியான தரவு கூறுகிறது.

ஆனால், சராசரி எண் எல்லோருடைய அனுபவத்தையும் காட்டிவிடாது. ஊதியம் மட்டுமே உள்ள எளிய கணக்குகள் சில நாள்களில், சில வேளைகளில் சில மணி நேரத்திலேயே, முடிந்துவிடுகின்றன. இவற்றின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால் சராசரி குறைகிறது. ஐயப்பாடு எழுந்த கணக்குகள் மாதக்கணக்கில் நிற்கலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, கணக்குத் தாக்கலான நிதியாண்டு முடிந்து 9 மாதங்கள் வரை பரிசீலனைக்குக் கால அவகாசம் உண்டு. அதாவது, 2025 செப்டம்பரில் தாக்கலான ஒரு கணக்கைப் பரிசீலிக்க 2026 டிசம்பர் 31 வரை சட்டம் இடமளிக்கிறது. சராசரி 17 நாள். சட்ட வரம்போ ஓராண்டுக்கும் மேல். இடையில் சிக்கியவருக்குக் காரணம் என்ன என்பதும், எப்போது முடியும் என்பதும் தெரிய வேண்டும்.

2025-26-இல் ரீஃபண்ட் குறைந்ததற்குத் துறை ஒரு காரணத்தை முன்வைத்தது. சில கணக்குகளில் தவறான கழிவுகள் கோரப்பட்டிருந்தது தெரியவந்ததாகவும், அவை ஆராயப்படுவதாகவும் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர் ரவி அகர்வால் 2025 நவம்பரில் விளக்கினார். ஐயத்துக்குரிய கழிவுகளைக் கோரியவர்கள் டிசம்பர் 31-க்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யலாம் என்று குறுஞ்செய்தி, மின்னஞ்சல் வாயிலாகவும் தகவல் அனுப்பப்பட்டது. பொய்யான கழிவுகளைத் தடுப்பது துறையின் கடமை. அந்தச் சல்லடையில் நேர்மையானவர்களும் சிக்கிக் காத்திருக்க நேர்ந்தால், அந்தக் காத்திருப்பும் ஆண்டுக் கணக்கில் பதிவாக வேண்டும் என்பதே வரி ஆலோசகர்கள் தரப்பின் கோரிக்கை.

வட்டியில் சமநிலை உள்ளதா?

காத்திருப்புக்கு இழப்பீடாக வட்டி உண்டு. ஆனால், இரு தரப்புக்கும் விகிதம் ஒன்றல்ல. வரி செலுத்துபவர் தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி செலுத்த வேண்டும். அரசு திருப்பித் தர வேண்டிய தொகைக்கு மாதத்துக்கு 0.5 சதவீத வட்டியே கிடைக்கும்.

ஒருவர் அரசுக்கு ரூ.30,000 வரி பாக்கி வைத்து 8 மாதம் தாமதித்தால் ரூ.2,400 வட்டி சேரும். அதே ரூ.30,000 அவருக்கு ரீஃபண்டாக வர வேண்டியிருந்து, வட்டிக்குரிய காலமும் 8 மாதமாக இருந்தால், கிடைப்பது ரூ.1,200. இந்த வட்டியும் அவருடைய வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். ரீஃபண்ட் தொகை, கணக்கிடப்பட்ட வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டியே கிடையாது.

அரசுக்கும் தாமதம் செலவே. ரீஃபண்டுக்கான வட்டி பொதுப் பணத்திலிருந்து தரப்படுகிறது. இந்த வட்டியைச் செலவினமாகக் காட்டாமல் வருவாயில் கழித்துக் காட்டும் நடைமுறையைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பல அறிக்கைகளில் ஆட்சேபித்துள்ளார். தாமதத்தின் விலை எவ்வளவு என்பது நாடாளுமன்றத்தின் பார்வைக்குத் தனியாக வர வேண்டும் என்பதே இந்த ஆட்சேபத்தின் சாரம்.

கடந்த 11 ஆண்டுகளில் ரீஃபண்ட் தொகை வசூலைவிட வேகமாக வளர்ந்துள்ளது. 2013-14-இல் ரூ.83,008 கோடியாக இருந்த இது, 2024-25-இல் ரூ.4.77 லட்சம் கோடியானது. மொத்த வசூலில் ரீஃபண்டின் பங்கு சுமார் 11.5 சதவீதத்திலிருந்து 17.6 சதவீதமாக உயர்ந்துள்ளது. விரைவான பரிசீலனை இதற்கு ஒரு காரணம். டிடிஎஸ் பிடித்தத்தின் வரம்பு விரிந்துகொண்டே சென்று, உரியதைவிட அதிகமாக முன்கூட்டியே பிடிக்கப்படுவது மற்றொரு காரணம்.

மேல்முறையீடுகளும் நிலுவையும்

ரீஃபண்டில் காணப்படும் வேகம் மேல்முறையீடுகளில் இல்லை. முதல்நிலை மேல்முறையீட்டு அதிகாரிகளான ஆணையர்களிடம் 2025-இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் நிலுவையில் இருந்தன. இயன்றவரை, மனு தாக்கலான நிதியாண்டு முடிந்து ஓராண்டுக்குள் தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறது சட்டம். "இயன்றவரை" என்ற சொல் இருப்பதால் அந்தக் காலக்கெடு கட்டாயமாக இல்லை.

தாமதத்தின் சுமை மனுதாரர் மீது விழுகிறது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வசூல் நடவடிக்கையை நிறுத்தி வைக்க, சர்ச்சைக்குரிய தொகையில் பொதுவாக 20 சதவீதத்தைச் செலுத்த வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. ரூ.10 லட்சம் வரி கேட்டு உத்தரவு வந்த ஒரு சிறு வணிகர், அது தவறு என நிரூபிக்கும் வரை ரூ.2 லட்சத்தை முடக்கி வைக்க நேரிடுகிறது. மனு சில மாதங்களில் விசாரிக்கப்பட்டால் இது பொறுத்துக்கொள்ளக் கூடியது. ஆண்டுக்கணக்கில் நீண்டால் தொழிலையே பாதிக்கும்.

இதன் மறுபக்கம் வசூலாகாத நிலுவை. நேரடி வரியில் நிலுவையிலுள்ள கோரிக்கைத் தொகை ரூ.40 லட்சம் கோடிக்கும் அதிகம். ஓராண்டின் நிகர வசூலைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால், இதில் பெரும்பகுதி வசூலிப்பதற்குக் கடினமானது என்று துறையே வகைப்படுத்தியுள்ளது. சொத்து இல்லாத நிறுவனங்கள், கண்டறிய முடியாத நபர்கள், வழக்குகளில் உள்ள தொகைகள், ஆதாரமின்றி உயர்த்தி மதிப்பிடப்பட்ட கோரிக்கைகள் ஆகியவை இதில் கலந்துள்ளன. மிகையான கோரிக்கை எழுப்புவது ஏட்டில் வருவாயாகத் தெரிந்தாலும், நடைமுறையில் அது மற்றொரு மேல்முறையீட்டு மனுவாகவே முடிகிறது.

சுமையைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு ரூ.25,000 வரையும், 2010-11 முதல் 2014-15 வரை ரூ.10,000 வரையும் உள்ள சிறு கோரிக்கைகள் கைவிடப்படும் என 2024 இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. சுமார் ஒரு கோடிப் பேர் பயனடைவர் என மதிப்பிடப்பட்டது. சமரசத் தீர்வுக்கான "விவாத் சே விஸ்வாஸ்" திட்டம் 2024 அக்டோபர் 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. துறை தரப்பில் மேல்முறையீடு செய்வதற்கான வரி வரம்பும் தீர்ப்பாயத்தில் ரூ.60 லட்சம், உயர் நீதிமன்றத்தில் ரூ.2 கோடி, உச்ச நீதிமன்றத்தில் ரூ.5 கோடி என உயர்த்தப்பட்டது.

புகார் அளிப்பது எங்கே?

ரீஃபண்ட் தாமதம், தவறான டிடிஎஸ் வரவு, பழைய கோரிக்கையுடன் ரீஃபண்டைச் சரிக்கட்டியது போன்ற குறைகளை வருமான வரித் தளத்தின் குறைதீர் பகுதியிலும், மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்திலும் பதிவு செய்யலாம். பொதுத் தளத்தில் குறை தீர்வதற்கான காலக்கெடு 2024 ஆகஸ்டில் 30 நாள்களிலிருந்து 21 நாள்களாகக் குறைக்கப்பட்டது. கணக்கில் உள்ள வெளிப்படையான பிழையைத் திருத்தக் கோரும் மனுவை, அது பெறப்பட்ட மாதத்தின் முடிவிலிருந்து 6 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டவிதி.

துறைக்கு வெளியிலிருந்து குறைகளை விசாரிக்கும் ஏற்பாடு வருமான வரிக்கு இப்போது இல்லை. வருமான வரி ஓம்புட்ஸ்மன் பதவியை ஒழிக்க 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இணையவழிக் குறைதீர் முறைகள் வந்துவிட்டதால் அது தேவையற்றதாகிவிட்டது என்பது அரசு கூறிய காரணம். அமெரிக்காவிலோ, வரித் துறைக்குள் தன்னாட்சியுடன் இயங்கும் தேசிய வரி செலுத்துவோர் வழக்குரைஞர், சேவைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு நேரடியாக அறிக்கை அளிக்கிறார்.

மறைமுக வரியில் சேவைக் காலக்கெடு சற்றுத் தெளிவாக உள்ளது. ஜிஎஸ்டி ரீஃபண்ட் விண்ணப்பம் முழுமையாக அளிக்கப்பட்டால் 60 நாள்களுக்குள் உத்தரவிட வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 6 சதவீதம் வரை வட்டி உண்டு. 2024-25-இல் ஜிஎஸ்டி மொத்த வசூல் ரூ.22.08 லட்சம் கோடி.

மாநிலங்களுக்கு என்ன தொடர்பு?

நிகர வசூலின் அளவு மத்திய அரசை மட்டும் சார்ந்த செய்தி அல்ல. 15-ஆவது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, 2025-26 வரை பகிரத்தக்க வரித் தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்குச் சென்றது. செஸ், கூடுதல் வரி ஆகியவை இந்தத் தொகுப்பில் சேராது. ஆகவே, பள்ளி, மருத்துவமனை, சாலை என மாநிலங்கள் செய்யும் செலவும் இந்த எண்ணைச் சார்ந்துள்ளது. வசூல் குறைந்தால் பாதிப்பு பரவலாகும் என்பதால்தான் இலக்கு குறித்த அழுத்தம் துறைக்குள் எப்போதும் இருக்கிறது. மார்ச் மாத இறுதியில் இலக்கை எட்டுவதற்காக ரீஃபண்டுகள் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளப்படுகின்றன என்ற குறை வரி ஆலோசகர்களிடையே நெடுநாளாக உள்ளது.

அடுத்து என்ன?

1961-ஆம் ஆண்டு சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்டது. 819 பிரிவுகள் 536 ஆகக் குறைக்கப்பட்டு, "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" என்ற இரட்டை வழக்குக்குப் பதிலாக "வரி ஆண்டு" என்ற ஒரே சொல் கையாளப்படுகிறது. மொழி எளிமையானால் பிழைகளும் சர்ச்சைகளும் குறையும் என்பது அரசின் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதை வசூல் தொகை மட்டும் சொல்லிவிடாது. ஆண்டு முடிவில் அறிவிப்பு வெளியாகும்போது வாசகர் கவனிக்க வேண்டியவை: மொத்த வசூலும் நிகர வசூலும் ஒரே வேகத்தில் வளர்ந்தனவா, ரீஃபண்ட் கூடியதா குறைந்ததா, ஒப்பிடப்பட்ட இலக்கு பட்ஜெட் மதிப்பீடா திருத்திய மதிப்பீடா, நிலுவையிலுள்ள மேல்முறையீடுகள் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தனவா, சாசனம் உறுதியளித்த சேவைத் தர அறிக்கை வெளியானதா என்பவையே.

இவற்றில் முதல் மூன்று கேள்விகளுக்கான விடை அரசின் அறிவிப்பிலேயே கிடைத்துவிடும். மற்ற இரண்டுக்கும் அதே போல எளிதாக விடை கிடைக்கும் நாளில்தான், 2020-இல் அளிக்கப்பட்ட 14 உறுதிமொழிகளும் எந்த அளவுக்கு நிறைவேறின என்பதை வரி செலுத்துவோர் தாமே கணக்கிட்டுப் பார்க்க முடியும்.